கல்முனைக் கடற்கரையிற் கொடியேற்றம்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படும் பஸ் வண்டி கல்லடிப் பாலத்தைக் கடந்ததும், இடப்புறம் கடலும் வலப்புறம் வாவியுமாக ஓர் ஒடுங்கிய நிலப்பகுதியிற் பிரவேசிக்கின்றது. அந்த நிலத்தின்மீது ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. காத்தான்குடியில் மினாராக்கள் தோன்றுகின்றன. அடுத்து ஆரையம்பதியிற் கோயில் மணி ஒலிக்கின்றது. குருக்கள்மடம், களுவாஞ்சிக்குடி, கல்லாறு என்னும் தமிழ்க் கிராமங்களைத் தாண்டினால் மருதமுனையில் மறுபடியும் மினாராக்கள். நெசவுக்குப் பேர்போன அவ்வூரை விட்டகன்றதும், தீமிதிப்புக்குப் புகழ்பெற்ற பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில். அதன் பிறகு கல்முனை. அதற்கும் தெற்கே கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்னும் முஸ்லிம் ஊர்கள்; பின்னர்த் தமிழ் ஊராகிய காரைதீவு; அதனையடுத்து மீண்டும் முஸ்லிம் ஊராகிய நிந்தவூர். ஊருக்கு ஊர் சமயம் மாறுகின்றது, மொழி மாறுவதேயில்லை. வழிநெடுகத் தமிழைத் தவிர வேறொரு பேச்சு நம் காதில் விழவில்லை.

ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தூரத்தை இவ்வாறு கடந்து நாம் கல்முனைக்குச் சென்றது, அங்குக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் நடைபெறும் கொடியேற்ற விழாவைக் காணும் பொருட்டேயாம். கட்டணமில்லை, அனுமதிச் சீட்டில்லை, இன்னார் வரலாம், இன்னார் வரலாகாது என்ற தடையுமில்லை. வெறும் மணற்பரப்பே மண்டபம், வானமே பந்தல். இந்த விழாவை முஸ்லிம் மக்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கொண்டாடி வருவதாகக் கணக்கிடுகின்றனர். நமது பாடசாலை மாணவர்களிற் பலர் அண்டை ஊரில் நடக்கும் இவ்விழாவைப் பற்றி ஒன்றும் அறியாதிருப்பதால், கண்டதையும் அறிந்ததையும் இங்கு எழுத விரும்புகின்றோம்.

நாகூரிலிருந்து வந்த மரபு

கல்முனைக்குடிக் கடற்கரையில் ஏறும் கொடி நாகூர் ஆண்டகை என அன்புடன் அழைக்கப்பெறும் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களின் ஞாபகார்த்தமானது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்பெரியார் வட இந்தியாவிலுள்ள மாணிக்கப்பூரிற் பிறந்து, பல தேசங்களிற் சஞ்சரித்து, ஈற்றில் சோழநாட்டுக் கரையிலுள்ள நாகூரில் தங்கி, அங்கேயே அடக்கமானார். தஞ்சை மன்னர் அச்சுதப்ப நாயக்கருக்கு உற்ற தீராத நோயை அவர் தீர்த்தார் என்பது நாகூரில் வழங்கும் கதை. யாரோ சூனியம் செய்து ஊசிகளைக் குத்தி வைத்திருந்த புறா ஒன்றைக் கண்டெடுத்து, ஊசிகளை ஒவ்வொன்றாக அவர் பிடுங்கப் பிடுங்க மன்னரின் வேதனை தணிந்ததாம். இன்றும் நாகூருக்குச் செல்வோர் புறாக்களைப் பறக்கவிடுவதைக் காணலாம். அத்தர்காவின் ஐந்து மினாராக்களுள் மிக உயர்ந்ததாகிய 131 அடி மினாராவைக் கட்டுவித்தவர் பிரதாபசிங் என்னும் தஞ்சை மராட்டிய மன்னர். அவர் இந்து என்பதை நம் மாணவர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

ஆண்டகையைக் கடலோடிகளின் காவலராகக் கருதுவது மரபு. நடுக்கடலில் ஒரு மரக்கலம் ஓட்டையாகித் தண்ணீர் ஏறியபோது, நாகூரிற் சவரம் செய்வித்துக்கொண்டிருந்த பெரியார் தம் கையிலிருந்த கண்ணாடியை வீசியெறிய, அது சென்று அவ்வோட்டையை அடைத்ததாம். இக்கதையைக் கேட்டு வளர்ந்த சோழமண்டலக் கரை மாலுமிகளும் வணிகர்களும் தாம் சென்ற கரைகளிலெல்லாம் அவர் பெயரால் நினைவிடங்களை அமைத்தனர். பினாங்கில் ஒன்று உண்டு. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் வீதியில் 1828ஆம் ஆண்டுக்கும் 1830ஆம் ஆண்டுக்கும் இடையிற் கட்டப்பெற்ற மற்றொன்று, 1974இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டு இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகின்றது. கல்முனைக் கடற்கரைப் பள்ளியும் இந்த வரிசையைச் சேர்ந்ததே. இவ்விடங்களிற் பெரியாரின் உடல் இல்லை. உடல் நாகூரில் இருக்கின்றது. நினைவு மாத்திரம் கடல் கடந்து வந்து இங்கே குடிகொண்டிருக்கின்றது.

பன்னிரண்டு நாள் விழா

ஹிஜ்ரி ஆண்டின் ஜமாதுல் ஆகிர் மாதத் தலைப்பிறையோடு விழா தொடங்குகின்றது. நாகூரிலும் அப்பொழுதே கொடியேறும். சந்திர ஆண்டு நமது ஆண்டைக் காட்டிலும் சுமார் 11 நாள் குறைந்ததாகையால், விழா வருடந்தோறும் பின்னோக்கி நகர்ந்து எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றது. 2022இல் அது டிசம்பர் மாதக் கடைசி வாரத்தில் வந்தது. 2024இல் டிசம்பர் மாத முதல் வாரத்துக்கு வந்துவிட்டது. மாரிகாலத்தில் விழா வருமாயின், வாடைக் காற்றும் மழையும் விழாவுக்கு அழையாத விருந்தாளிகளாகின்றன. ஆயினும் கூட்டம் குறைவதில்லை என்று அவ்வூரார் பெருமையோடு சொல்லுகின்றனர்.

முதல்நாட் பிற்பகலில், ஊரின் பெரிய பள்ளிவாசலிலிருந்து கொடிகளை ஊர்வலமாக எடுத்து வருகின்றனர். றபான் ஒலி முன்னே வர, வெண்ணிறத் தொப்பி அணிந்த ஆடவரும் சிறுவரும் பின்னே வருகின்றனர். வீதியின் இருமருங்கிலும் வீட்டு வாசல்களிற் பெண்கள் குழந்தைகளை ஏந்தி நிற்கின்றனர். ஊர்வலம் கடற்கரையை அடைந்ததும் பிரார்த்தனை நிகழ்கின்றது. அதன்பின் பள்ளிவாசலின் மினாராக்களிற் கொடிகள் மெல்ல மேலேறுகின்றன. கடற்காற்று வந்து துணியைப் பிடித்து விரிக்கின்ற அந்தக் கணத்தில் கூட்டத்திலிருந்து எழும் முழக்கம் அலையோசையையும் அமிழ்த்திவிடுகின்றது.

கொடியேறிய நாள் முதலாகப் பன்னிரண்டு நாளும் மௌலித் ஓதப்படுகின்றது. மார்க்க அறிஞர் உபந்நியாசம் செய்கின்றனர். பக்கீர் ஜமாஅத்தினர் இரவில் றிபாய் றாத்திப் நிகழ்த்துகின்றனர். றபான் முழக்கத்தின் வேகம் ஏற ஏற, அவர்கள் கூரிய கருவிகளைத் தம் உடலிற் பாய்ச்சிக்கொள்ளுகின்றனர். காவடியில் அலகு குத்துவதைக் கண்டு பழகிய நமக்கு இக்காட்சி முற்றிலும் புதிதாகத் தோன்றவில்லை. கொள்கை வேறு, வழிபாடு வேறு. எனினும் வலியை வென்று காட்டும் பக்தியின் முகம் இரண்டிடத்தும் ஒன்றாகவே இருந்தது. இறுதி நாளிற் கந்தூரி. பெருங் கிடாரங்களிற் சமைத்த சோறு வந்தோர் அனைவருக்கும் பகிர்ந்தளிக்கப்படுகின்றது.

பள்ளிவாசலைச் சூழ்ந்த மணலில் ஒரு தற்காலிக நகரமே எழுந்துவிடுகின்றது. வளையற் கடை, விளையாட்டுச் சாமான் கடை, மஸ்கட்டும் தொதலும் பூந்தியும் குவித்த இனிப்புக் கடை, ஐஸ்கிறீம் வண்டி, இராட்டினம் எல்லாம் உண்டு. கச்சான் கடைகளைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சூடான மணலிற் கச்சான் வறுபடும் மணம் நமது கோயில் திருவிழாக்களின் மணம் அல்லவா? அந்த மணத்தை இங்கும் நுகர்ந்தபோது, எந்த ஊர்த் திருவிழாவில் நிற்கின்றோம் என்பதே ஒரு விநாடி மறந்துவிட்டது.

விழாக் கூட்டத்தில் நாம் விசாரித்துக்கொண்டு நின்றதைக் கண்ட முதியவர் ஒருவர், நாம் இன்னாரென்று அறிந்ததும் கையைப் பற்றிக்கொண்டார். "கொடியேத்தம் பார்க்க வந்த ஆக்கள் பசியோட திரும்பப் படாது மாஸ்டர். ஊடு கிட்டத்தான் இரிக்கி, வாங்க" என்றார். வீட்டில் அவர் மனைவியார் தேநீரும் பலகாரமும் தந்து, நமது ஊர்க் கோயில் திருவிழா எப்பொழுது என்று வினவினார். அவருடைய தாயார், அத்திருவிழாக்களுக்குச் சென்று மண் சட்டி வாங்கி வருவது வழக்கமாம். இப்பொழுது அவ்வழக்கம் நின்றுவிட்டதா என்று நாம் கேட்டோம். "இடையில பல வருசம் போக ஏலாமப் போச்சு" என்று மாத்திரம் கூறிவிட்டு, அவர் பலகாரத் தட்டை மீண்டும் நம் பக்கம் நகர்த்தினார்.

தாய்வழிக் குடிகள்

அவ்வீடு யாருடையது என்று கேட்டால், முதியவர் தம்முடையது என்று சொல்லமாட்டார். அது அவர் மனைவியாருக்குச் சீதனமாக வந்த வீடு. கிழக்குக் கரையோரத்தில் முஸ்லிம்களும் தமிழர்களும் மகளுக்கே வீடு கொடுக்கின்றனர். மணமகன் அவ்வீட்டுக்குச் சென்று வாழ்கின்றான். ஆகவே சகோதரிகளின் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி அமைகின்றன. அன்றியும், இவ்விரு சமூகத்தாரும் 'குடி' என்னும் தாய்வழிப் பிரிவுகளை உடையவர்கள். பிள்ளை தாயின் குடியைச் சேரும்; ஒரே குடிக்குள் விவாகம் செய்தல் மரபன்று. தமிழரிடத்துக் கோயிலுரிமையும் முஸ்லிம்களிடத்துப் பள்ளிவாசற் பரிபாலனமும் குடிவழியே பகிரப்பட்டு வந்தன. குடியின் சார்பிற் பள்ளியை நிருவகிப்பவர் மரைக்காயர் எனப்படுவார்.

இவ்வொற்றுமை தற்செயலாக ஏற்பட்டதன்று. திமிலரோடு பொருத முக்குவருக்கு முஸ்லிம்கள் துணைநின்றனர் என்றும், அதனால் உறவு ஏற்பட்டதென்றும் மட்டக்களப்புப் பிரதேசத்தின் ஐதிகங்கள் கூறுகின்றன. 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயரால் மேற்குக் கரையிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கண்டி மன்னன் செனரத் இப்பகுதியிற் புகலிடம் அளித்தான் என்பதும் வரலாறு. அன்று முதல் நெல் விளைத்தலையும் மீன்பிடித்தலையும் தொழிலாகக் கொண்டு இருவரும் ஒரே வயலுக்கு ஒரே குளத்து நீரைப் பாய்ச்சி வாழ்ந்தனர்.

தமிழுக்கு இக்கரை செய்த தொண்டும் சிறிதன்று. யாழ் நூல் தந்த சுவாமி விபுலாநந்தர் 1892இற் காரைதீவிற் பிறந்தார். புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் மருதமுனைக்குப் பெருமை சேர்த்தார். கவிஞரும் மொழியியற் பேராசிரியருமாகிய எம். ஏ. நுஃமான் 1944இற் பிறந்த ஊர் இந்தக் கல்முனைக்குடியே. இம்மூவரின் ஊர்களும் சில கிலோமீற்றர் தூரத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

அலை கொண்டுபோனவை

கடற்கரையில் நின்று இவற்றை எண்ணும்போது, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதியை மறக்க இயலாது. அன்று காலை எழுந்த ஆழிப் பேரலை இலங்கையிலேயே அம்பாறை மாவட்டத்திற்றான் மிகுதியான உயிர்களைக் கொண்டது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இம்மாவட்டத்தில் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில், கரையோரத் தெருக்கள் வரிசை வரிசையாக அழிந்தன. கடற்கரைப் பள்ளிவாசல் சேதமுற்றும் நிலைத்து நின்றது. அதனைச் சுற்றியிருந்த குடிமனைகள் நிற்கவில்லை.

வீடு மகளுக்கு உரியதென்று மேலே கூறினோம். ஆகவே அலை அள்ளிச் சென்றது சுவரையும் கூரையையும் மாத்திரமன்று. மணமாகாத பெண்களின் சீதனத்தையும் அது கொண்டுபோயிற்று. கிழக்குக் கரையில் 200 மீற்றர் வரை மீளக் கட்டலாகாது என்று முதலில் அரசு விதித்ததும், பல குடும்பங்கள் உள்நாட்டுப் பக்கம் பெயர்ந்தன. புதிய வீடுகளின் உறுதிகள் பல இடங்களில் குடும்பத் தலைவர் என்ற முறையில் ஆடவர் பெயரில் எழுதப்பட்டன. தலைமுறை தலைமுறையாகப் பெண்வழி வந்த உரிமை ஒரு காகிதத்தில் திசைமாறுவதைத் தாய்மார் கவலையோடு கண்டனர். அடுத்தடுத்து வாழ்ந்த சகோதரிகள் வெவ்வேறு குடியேற்றங்களுக்குப் பிரிந்து சென்றனர். அவர்கள் இன்று கூடுமிடங்களில் ஒன்று இக்கடற்கரை. கொடியேற்றத்தன்று பேரப்பிள்ளைகளை அழைத்துவந்து, முன்பு தம் வாசற்படி இருந்த இடம் இதுவென்று மணலைச் சுட்டிக்காட்டும் மூதாட்டியரை நாம் கண்டோம்.

விழாவை எதிர்நோக்கும் வினாக்கள்

விழாவைப் புகழ்வதோடு நின்றுவிட்டால் வாசகர்களுக்கு உண்மை முழுவதும் கூறியவராகமாட்டோம். அதற்கு முன்னே மூன்று வினாக்கள் நிற்கின்றன.

முதலாவது, முஸ்லிம் சமூகத்தினுள்ளேயே எழும் விவாதம். அல்லாஹ்வையன்றி மற்றெவரையும் முன்னிட்டு நேர்ச்சை செய்தல் மார்க்கத்துக்கு ஏற்றதன்று என்று சீர்திருத்தக் கொள்கையினர் சொல்லுகின்றனர். பெரியாரை நினைவுகூர்தல் வணக்கமாகாது, அது அன்பும் நன்றியுமே என்று மரபைப் பேணுவோர் விடையளிக்கின்றனர். இரு சாராரும் ஒரே வீட்டில் வாழ்வதும் உண்டு. இது அவர்கள் தீர்க்கவேண்டிய விவகாரம். பிற சமயத்தாராகிய நாம் இதில் தீர்ப்புக் கூறுதல் முறையன்று.

இரண்டாவது கடலரிப்பு. ஒலுவில் துறைமுகம் எழுந்த பின்னர் அதனை அண்டிய கரைகளைக் கடல் தின்று வருகின்றது. ஒலுவில், நிந்தவூர் மீனவர் பலர் தோணி இழுத்து வைக்கும் மணலையும் கரையோரத் தென்னைகளையும் இழந்துள்ளனர். மணலே மண்டபமாக அமைந்த விழாவுக்கு மணலின் கதி ஒரு முக்கியமான வினாவன்றோ?

மூன்றாவது வினா நம்மையும் சேர்த்துக் கேட்பது. 1985 ஏப்ரலில் இதே சாலையிற் காரைதீவில் தமிழர் வீடுகள் எரிந்தன. 1990 ஆகஸ்டிற் காத்தான்குடிப் பள்ளிவாசலிலே தொழுகையில் நின்ற முஸ்லிம்கள் புலிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒருவர் ஊருக்குள் மற்றவர் செல்ல அஞ்சிய ஆண்டுகள் அவை. 2019 ஏப்ரல் 21இல் ஈஸ்டர் தாக்குதல்கள் நிகழ்ந்தன. ஐந்து நாட் கழித்துச் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் மறைந்திருந்த பயங்கரவாதிகள் தம்மோடு இருந்த குழந்தைகளையும் மாய்த்து வெடித்தழிந்தனர். அவர்கள்மீது ஐயுற்று அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே என்பது போதிய அளவு பேசப்படவில்லை. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைப் பற்றிய பிணக்கோ பல்லாண்டாக இரு சமூகத்தாரிடையே இழுபட்டு வருகின்றது.

இத்தனை மனத்தாங்கல்களையும் ஒரு கொடியேற்றம் தீர்த்துவிடும் என்று சொல்லுவது பேதைமை. காணிக்கும் எல்லைக்கும் உரிய பிணக்குகள் மேசையில் அமர்ந்து நீதியோடு பேசித் தீர்க்கப்படவேண்டியவை. ஆனால் அம்மேசையில் அமர்பவர்கள் ஒருவர் மற்றவரின் வீட்டை அறியாதவராக இருப்பின், பேச்சு எவ்வாறு முன்செல்லும்? இன்று இக்கரையில் இருவரும் சந்திக்கும் இடங்கள் பெரும்பாலும் சந்தையும் அலுவலகமுமே. சந்தையில் விலை பேசுகின்றோம்; அலுவலகத்தில் உரிமை பேசுகின்றோம். ஒன்றும் கேளாமல், ஒன்றும் கொடாமல், வெறுமனே விருந்தினராகச் செல்லக்கூடிய இடங்கள் சிலவே எஞ்சியுள்ளன. வேலியில்லாத இந்த மணல் அவற்றுள் ஒன்று. நம்முடைய தேர்த் திருவிழாக்களும் தீமிதிப்புகளும் அத்தகையனவே. அங்கு முஸ்லிம் அயலவர் முன்போல் வருகின்றனரா, வந்தாற் கையைப் பற்றி வீட்டுக்கு அழைக்கின்றோமா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ளல் நன்று.

செல்ல விரும்பும் குடும்பத்தினருக்குச் சில குறிப்புகள். ஜமாதுல் ஆகிர் தலைப்பிறை எப்பொழுதென்று முஸ்லிம் நண்பர் ஒருவரிடம் கேட்டறிந்துகொள்க. அவ்வாறு கேட்பதே ஒரு நல்ல தொடக்கமாகும். முதல்நாட் பிற்பகலில், ஊர்வலம் வருமுன்னரே கடற்கரையை அடைதல் உசிதம். அடக்கமான உடை அணிக. பள்ளிவாசலுட் செல்வதாயின் பாதரட்சையைக் களைந்து, அங்குள்ளவர்களின் அனுமதி பெற்றுச் செல்க. தொழுகை நேரத்தில் படம் பிடித்தலைத் தவிர்க்க. மாரிகாலமாயின் குடை மறவற்க. கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாட்களிற் சிறுவரை நீரருகே விடாதிருக்க. ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துச் செல்வாராயின், அதே பிரயாணத்திற் காரைதீவில் விபுலாநந்தர் பிறந்த ஊரையும், மருதமுனை நெசவையும் காட்டலாம். ஒருநாளில் மூன்றையும் கண்டு பொழுதுசாயுமுன் திரும்பிவிடலாம். கந்தூரியன்று செல்வாராயின், உணவுப் பொதி கட்டிச் செல்லவேண்டிய சிரமமும் இல்லை.